மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை



ரமழான் நெருங்கினால் தலவாக்கலையில் எனக்கு வழமையாக ஒரு கேள்வி வரும். நேரே கேட்க வெட்கப்பட்டு, கணவர்மாரிடம் சொல்லி அனுப்புவீர்கள்: "மௌலவி, முப்பது நோன்பையும் விடாமல் பிடிக்க மாத்திரை போடலாமா?" ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் இதையே கேட்பதுண்டு.

அந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி உண்டு. அதன் ஹோர்மோனால் சூலகத்தில் ஒரு முட்டைப் பை வளரும். பை சுரக்கும் ஈஸ்ட்ரஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிப்பாக்கும். ஈஸ்ட்ரஜன் போதிய அளவு ஏறியதும் பிட்யூட்டரி இன்னொரு ஹோர்மோனை ஒரேயடியாகக் கொட்டும்; ஏறத்தாழ 36 மணித்தியாலத்தில் முட்டை வெளியேறும். வெறுமையான பையும் சும்மா இருப்பதில்லை. புரொஜெஸ்டரோனைச் சுரந்து உட்சுவரைத் தாங்கிப் பிடிக்கும். கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அது வாடும். தாங்கு போனதும் இரத்தம் வரும்.

பாமசியில் கிடைக்கும் நோரெதிஸ்டிரோன் அந்தத் தாங்கின் இடத்தில் நிற்கிறது. 1951இல் மெக்சிகோவில், காட்டுக் கிழங்கின் சத்தை மூலப்பொருளாக்கிய ஓர் ஆய்வுகூடத்தில் உருவானது! வரவேண்டிய நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்குவது வழக்கம். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். இப்படிப் போடும்போது அது கருத்தடை ஆகாது.

காலில் இரத்தம் கட்டியவர்கள், ஈரல் நோயாளிகள், மார்புப் புற்றுநோய் கண்டவர்கள், கர்ப்பம் என்று சந்தேகம் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. அடுத்த வீட்டு மாமியிடம் மிஞ்சிய அட்டையை வாங்கிப் போடுவது எவ்வளவு ஆபத்து! சிலருக்கு மாத்திரைக்கு நடுவிலேயே கசிவு வந்து நோன்பும் குழம்பிவிடும்.

தீங்கில்லை என்று டொக்டர் சொன்னால் போடலாம் என்பதே உலமாக்கள் பலரின் கருத்து. ஆனால் கட்டாயமில்லை. ஹஜ் பயணத்தில் ஸரிஃப் என்ற இடத்தில் மாதவிடாய் வந்து அன்னை ஆயிஷா (ரழி) அழுதபோது, நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் கூறி, தவாபைத் தவிர ஹாஜிகள் செய்யும் அனைத்தையும் செய்யச் சொன்னார்கள். விட்ட நோன்பைக் கழாச் செய்யப் பதினொரு மாதம் இருக்கிறது. விட்ட தொழுகைக்குக் கழாவே இல்லை. பிறகு ரமழானுக்கு ஏன் இந்த அவசரம்?

ஹஜ்ஜின் நிலை வேறு. விமானத் திகதிக்குள் தவாபை முடித்தாக வேண்டும். போவதாக இருந்தால் இரண்டு மாதத்துக்கு முன்பே ஆஸ்பத்திரி டொக்டரிடம் காட்டுங்கள். கடைசி மூன்று மாதவிடாய்த் திகதிகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்வார்.