நான்கு சென்டிமீட்டர் நீலம்

என் மேசை மேல் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய புத்தகம் ஒன்று இருக்கிறது. அகலம் 4 சென்டிமீட்டர், உயரம் ஐந்தரை. பொருள், நீல நிறம். நீலத்தைப் பற்றிக் கறுப்பு மையில் அச்சிட்ட புத்தகம் இல்லை. தாளே நீலமாகி, எழுத்து வெள்ளையாக நிற்கிறது. இதில் மையே கிடையாது. அச்சடித்தது மொட்டைமாடி வெயில்.

குட்டிப் புத்தகங்களுக்கென்று தனி ரசிகர்கள் உண்டு. மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் அதைக் குட்டி என்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கிளாஸ்கோ நகரத்து டேவிட் பிரைஸ் வெளியிட்ட குட்டிக் குர்ஆன், பூதக்கண்ணாடி பதித்த உலோகக் கூட்டோடு வந்தது. முதல் உலகப் போரில் முஸ்லிம் சிப்பாய்கள் அதைக் கொண்டுபோனார்கள். பிரிட்டிஷ் அரசி மேரிக்காக 1924-இல் முடிந்த பொம்மை வீட்டில் ஒரு நூலகமே உண்டு. அதற்கென்றே கானன் டாயில் ஒரு ஷெர்லாக் கதை எழுதிக் கொடுத்தார்.

பார்க்க விளையாட்டாகத் தெரியும். செய்ய உட்கார்ந்தால்தான் தாள் தன் குணத்தைக் காட்டும். பெரிய புத்தகத்தைத் திறந்தால் பக்கம் தன் எடையிலேயே வளைந்து சாய்கிறது. ஒரு முனையில் பிடித்த தாளின் நுனி எவ்வளவு தொங்கும் என்பது அதன் நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 20 சென்டிமீட்டர் பக்கத்தை 5 ஆக்கினால், அதே தாள் 256-இல் ஒரு பங்குதான் தொங்கும். ஆகவே குட்டிப் புத்தகத்தின் பக்கங்கள் விசிறிபோல விறைத்து நிற்கும். விரலை எடுத்தால் புத்தகம் மூடிக்கொள்ளும். புத்தகம் சிறுத்தால் தாளும் மெலிய வேண்டும் என்பதை நான் இரண்டு புத்தகங்களைப் பாழாக்கிய பிறகே புரிந்துகொண்டேன்.

இன்னொன்று, நார் ஓடும் திசை. செய்தித்தாளை ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராகக் கிழியும், மறுபக்கமாகக் கிழித்தால் கோணலாகப் போகும். நேராகக் கிழிகிற திசைதான் நாரின் திசை. மடிப்பு அதே திசையில் விழ வேண்டும். குறுக்கே மடித்தால் முதுகு உப்பி நிற்கும்.

இனி அந்த நீலத்துக்கு வருவோம். அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட் 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம். இரண்டையும் தனித்தனியே 100 மில்லி தண்ணீரில் கரைத்து, மங்கிய வெளிச்சத்தில் சம அளவு கலந்து, தூரிகையால் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். தாள் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் ஃபெரிக் இரும்பு ஃபெரஸ் இரும்பாகிறது. அது ஃபெரிசயனைடோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்ய நீலமாகத் தாளிலேயே தங்கிவிடுகிறது. நிழல் விழுந்த இடத்தில் எதுவும் நடக்காததால், மருந்து கழுவும்போது போய்விடும். கண்ணாடித்தாளில் கறுப்பு மையால் எழுதி மேலே வைத்தால், எழுத்தின் நிழல் வெள்ளை எழுத்தாகிவிடும். கட்டட வரைபடத்தை ப்ளூபிரிண்ட் என்கிறோமே, அந்த நீலமும் இதுதான்.

இதை 1842-இல் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷல். ஆனால் புத்தகமாக்கியவர், அவர் குடும்பத்துக்குப் பழக்கமான அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி. கடற்பாசிகளைத் தாள்மேல் பரப்பி, வெயிலில் வைத்து, 1843 முதல் பத்தாண்டுகள் பகுதி பகுதியாக வெளியிட்டார். புகைப்படங்களாலான முதல் புத்தகம் என்று வரலாறு சொல்வது அதைத்தான். தன் பெயரை ஏ.ஏ. என்று மட்டும் போட்டிருந்தார். பின்னாளில் ஒரு சேகரிப்பாளர் அதற்குப் 'பெயர் அறியாத ஆர்வலர்' என்று ஆங்கிலத்தில் விரிவு கண்டுபிடித்துவிட்டார்!

மருந்துப் பூச்சையும் கழுவலையும் தாங்குகிற மெல்லிய தாள் வேண்டும். ஜப்பானியர்கள் கோசோ என்ற மரத்தின் பட்டையில் செய்யும் தாள் இரண்டுக்கும் பொருந்தியது. மெலிந்தது, நனைந்தாலும் கிழியாது. 64 சென்டிமீட்டர் நீளப் பட்டையாக வெட்டிக்கொண்டேன். தையலே வேண்டாம், விசிறி மடிப்புப் போதும். முழுப் புத்தகத்தையும் ஒரே பட்டையாக வெயிலில் வைத்துவிடலாம் என்பதே எனக்கு இதில் பிடித்த விஷயம். கண்ணாடிக்கு அடியில், எழுதிய கண்ணாடித்தாளோடு, நீலச் சாயம் தரும் அவுரிச் செடியின் சிற்றிலைகளைப் பக்கத்துக்கு ஒன்றாக அடுக்கினேன். சித்திரை வெயில், பத்து நிமிடத்தில் பட்டை சாம்பல் நிறமாகிவிட்டது.

கழுவியபோது நீலம் வந்தது. அப்புறம் என் கண்ணெதிரே வெளுத்தது. போர் தண்ணீரில் கழுவியதுதான் தவறு. பிரஷ்ய நீலத்துக்குக் காரம் ஆகாது. சலவைச் சோடா பட்டால் பழுப்பாகிவிடும், உப்புநீர்க் குழாயின் காரமே அதை வெளுக்கப் போதும். அடுத்த பட்டைக்குக் கேன் தண்ணீரில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டேன். ஆவணத் தாள் என்று விலை கூட்டி விற்பவற்றில் அமிலத்தை எதிர்க்கச் சுண்ணாம்புக் கூறு சேர்த்திருப்பார்கள். மற்றப் புத்தகங்களுக்கு நல்லது, இதற்கு எதிரி. புத்தகத்துக்கு ஏற்ற நிறம் தேடியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். நிறத்துக்கு ஏற்ற புத்தகம் தேடியதால் தாள், தண்ணீர், பசை எல்லாவற்றையும் நீலத்திடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டியதாயிற்று.

நனைந்த தாள் நாருக்குக் குறுக்கே விரியும். ஆகவே காய்ந்த பிறகுதான் மடித்தேன்: பாதி, பாதியில் பாதி, இப்படி நான்கு முறை, பதினாறு முகங்கள், ஒவ்வொன்றும் 4 சென்டிமீட்டர். இரு கடைசி முகங்களும் அட்டையில் ஒட்டப்படும். பசை மைதாதான். நம்மூர் பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அதுவும் நீலம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அட்டைக்கு அவுரியில் தோய்த்த பருத்தித் துணி. அவுரித் தொட்டியில் துணி மஞ்சள்பச்சையாக வெளிவந்து காற்றுப் பட்டதும் நீலமாகும். உள்ளே வெயில் தந்த நீலம், வெளியே காற்று தந்த நீலம். ஆனால் அவுரித் தொட்டி சுண்ணாம்புக் காரத்தில் இயங்குவது. அந்தக் காரம் துணியில் ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் உள்ளே உள்ளதைத் தின்றுவிடும். ஆகவே துணியை ஐந்து முறை அலசி, பின்புறம் மெல்லிய தாள் ஒட்டிய பிறகே அட்டையில் போர்த்தினேன்.

இலைகளுக்கு நடுவே நீலத்தின் வரலாறு ஓரிரு வரிகளில் இருக்கிறது: ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாப்பிஸ் கல், 1706 வாக்கில் பெர்லினில் சிவப்பைத் தேடியவருக்குத் தவறுதலாகக் கிடைத்த பிரஷ்ய நீலம், 1897-இல் ஜெர்மனியிலிருந்து சந்தைக்கு வந்து அவுரி வயல்களை முடக்கிய செயற்கை இண்டிகோ. வரிசையில் கடைசி, சென்னையில் பிறந்த மாஸ் சுப்ரமணியன் அமெரிக்காவின் ஓரிகானில் 2009-இல் கண்டெடுத்த நீலம். மின்னணுப் பொருள் ஒன்றைத் தேடி, இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டபோது, உலையிலிருந்து நீலத்தூள் வெளிவந்தது.

அந்தத் தூள் வாங்கக் கட்டுப்படியாகும் விலையில் இல்லை. ஆகவே வெயிலில் வைக்கும்போது, பதினைந்தாம் முகத்தின் மேல் ஒரு அட்டைத்துண்டை வைத்து மறைத்துவிட்டேன். அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. தூள் கிடைத்தால் ஒரு சிட்டிகை ஒட்ட இடம் விட்டிருக்கிறேன்.