நட்டனவும் பட்டனவும்

மீள்தல் தன்வினை, மீட்டல் பிறவினை. முதலாண்டு இலக்கண வகுப்பிலே கற்பிக்கப்படும் இச்சிறு வேறுபாடு, மேலைநாட்டு அறிவியற்றுறை ஒன்றில் நெடுநாளாக நிகழ்ந்துவரும் பெருவாதத்தின் நடுவே நிற்கின்றதென்றால் அன்பர் சிலர் வியப்புறுதல் கூடும். அழிந்த காடு, தூர்ந்த கழிமுகம், உழுது கைவிடப்பட்ட புல்வெளி என்றிவற்றைப் பழைய நிலைக்குக் கொணர முயலும் துறை அது. ஆங்கிலத்தில் 'எக்கொலொஜிக்கல் ரெஸ்ரொறேஷன்' என வழங்கும் அதனை ஈண்டுச் 'சூழல் மீட்பு' என்று குறிப்பாம். இத்துறைக்கெனவுள்ள பன்னாட்டுக் கழகத்தார் தந்த வரைவிலக்கணத்தின்படி, சிதைந்த சூழற்றொகுதி மீள்வதற்குத் துணைநிற்றலே மீட்பு எனப்படும். மீள்வது இயற்கை, மனிதன் துணைவன் மாத்திரமே. நடைமுறையிலோ, நாற்றை நட்டு, தொகையை எழுதி, படம்பிடித்துச் செல்லுதலே மீட்பு என்று பெயர்பெற்றுவிட்டது. தன்வினையைப் பிறவினையாகக் கொண்டதன் விளைவு யாதென்பதை நம் நாட்டுக் கரையோரமே காட்டுகின்றது. அதனைக் கூறுமுன் இத்துறையின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

அவ்வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தையே முதலிற் சுட்டுவர். அங்கு மடிசன் நகர்ப் பல்கலைக்கழகத்தார் 1934இல் தாவரச் சோலையொன்றைத் திறந்தனர். அல்டோ லியோபோல்ட் முதலிய அறிஞர் முன்னின்று, ஒருகாலத்தில் அந்நாட்டின் நடுப்பாகத்தை நிறைத்திருந்த நெடும்புல்வெளியை, உழுது விடப்பட்ட பண்ணை நிலத்தில் மறுபடியும் உண்டாக்க முயன்றனர். பஞ்சகாலத்தில் அரசு வேலை கொடுத்துத் திரட்டிய இளைஞர் நட்டனர். நட்டபின் அயல்நாட்டுப் புல் மேலோங்கித் தாயகப் புல்லை நெருக்கிற்று. ஜோன் கேட்டிஸ் என்னும் தாவரவியலார் 1940களில் அந்நிலத்திற் சிறுசிறு பாத்திகளாகத் தீயிட்டு ஆராய்ந்து, தீ அயற்புல்லை ஒடுக்கித் தாயகப் புல்லுக்கு இடங்கொடுக்கும் என்று நிறுவினார். நட்ட கை செய்யாததை நெருப்புச் செய்தது. அப்புல்வெளி இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

நிலத்தில் இது நிகழ்ந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டின் பின்னரே ஏட்டில் இத்துறை உருப்பெற்றது. 1980இல் பிராட்ஷோ, சாட்விக் என்னும் இருவர், சுரங்கம் முதலியவற்றாற் கெட்ட நிலங்களை மீட்பது குறித்து ஒரு நூல் வெளியிட்டனர். 1981இல் வில்லியம் ஜோர்டன் என்பவர் மேற்கூறிய மடிசன் சோலையிலிருந்தே ஒரு குறிப்புச் சஞ்சிகையைத் தொடங்கினார். தோட்டக்காரரும் வனக்காவலரும் ஆசிரியரும் தாம் செய்தனவற்றைச் சில வரிகளில் எழுதியனுப்ப இடமளித்த சஞ்சிகை அது. 1987இல் கேம்பிறிட்ஜ் அச்சகத்தில் வெளிவந்த தொகுப்பு நூலொன்றிலே, சூழலியலார் தம் கொள்கைகளை உரைத்துப் பார்ப்பதற்கு மீட்புப் பணியே உரைகல் என்று பிராட்ஷோ வாதித்தார். இயந்திரத்தின் இயல்பை அறிந்தேன் என்பவன், கழற்றிய உறுப்புக்களைப் பூட்டி ஓட்டிக் காட்ட வேண்டுமன்றோ? 1988இற் கழகமும், 1993இல் 'ரெஸ்ரொறேஷன் எக்கொலொஜி' என்னும் ஆராய்ச்சிச் சஞ்சிகையும் தோன்றின. 2021 முதல் 2030 வரையுள்ள பத்தாண்டினை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இப்பணிக்கென அறிவித்தது. இவ்வளவே வரலாறு.

இவ்வளர்ச்சியிலே பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. தொடக்கத்தில் வந்த குறிப்புக்கள் ஓரிடத்துக்கே உரியன. பிறிதோரிடத்துக்குப் பொருந்துமோ என்பது தெரியாது. பின்னர்ப் பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கு தொகுத்து அளவிடும் முறை மேலோங்கிற்று. 2009இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்த ஓர் ஆய்வு, 89 மீட்புப் பணிகளின் மதிப்பீடுகளைத் தொகுத்து, சிதைந்து கிடந்த நிலையோடு ஒப்பிட மீட்கப்பட்ட இடங்களில் உயிரினப் பன்மை நூற்றுக்கு 44 பங்கு மிக்கது என்றும், சிதையாத இடங்களின் தரத்தை அவை எட்டவில்லை என்றும் முடிவு கூறிற்று. வேண்டப்பட்ட அறிவுதான். எனினும், "இதை நட்டேன், முளைக்கவில்லை" என்று எழுதும் எளிய மனிதனுக்கு அத்தகைய சஞ்சிகைகளில் இடம் குறைந்துபோனமை நட்டமேயாம்.

மற்றொரு வாதம் எதற்கு மீட்பது என்பது. முன்னிருந்த நிலையே குறி என்பார் ஒரு சாரார். மண்ணும் மழையும் மாறிவிட்ட பின் பழைய நிலை மீளாது, புதுத்தொகுதிகளையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டுமென்பார் மற்றொரு சாரார். றிச்சாட் ஹொப்ஸ் என்னும் அறிஞர் இவருள் முதன்மையானவர். புதுமை என்னும் பெயரால் அழிவுக்கு மன்னிப்பு வழங்கப்படுகின்றது என்று மறுப்போர் குரலும் வலிதே. சுவடி பதிப்பித்தோர் கண்ட சிக்கல் இதுவன்றோ! நம்மவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சிட்டபொழுது, செல்லரித்தும் ஒடிந்தும் கிடந்த ஏடுகளோடு போராடினார். ஏடு சிதைந்தவிடத்தில் தன் சொல்லைப் பெய்து நிரப்பும் பதிப்பாசிரியனும் உண்டு. புள்ளியிட்டு, 'ஈண்டுச் சிதைந்தது' என்று காட்டுபவனும் உண்டு. முன்னவன் பதிப்பு வாசிக்க இனிதாயிருக்கும். பின்னவன் பதிப்பையே அடுத்த தலைமுறை நம்பும்.

புள்ளியிடும் வழக்கம் சூழல் மீட்பிற் காலந்தாழ்த்தே வந்தது. வெற்றி பெற்ற பணியையே எழுதுவர். தோற்றதைப் பணங்கொடுத்த நிறுவனமும் விரும்பாது, பத்திராதிபரும் விரும்பார். ஆகவே ஒருவர் தோற்ற வழியிலேயே மற்றொருவர் சென்று தோற்பார். 2009இல் ஹொப்ஸ் தோல்வியினின்று கற்கும் வகை குறித்து ஓர் ஆசிரியவுரை எழுதினார். மேற்கூறிய ஆராய்ச்சிச் சஞ்சிகை பின்னடைவுகளுக்கும் எதிர்பாரா விளைவுகளுக்குமென ஒரு தனிப்பகுதியும் வகுத்தது. அண்மைக்கால வெளியீட்டுப் போக்குக்களுள் எம் கருத்திற் சிறந்தது இதுவே.

இனி நம் கரைக்கு வருவாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை இலங்கைக் கரையோரத்தில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிரைக் குடித்தது. கண்டற்காடு நின்றிருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்ததென்ற செய்தி பரவவே, உள்நாட்டு வெளிநாட்டு நிறுவனங்கள் பலவும் கண்டல் நடப் புறப்பட்டன. நோக்கம் தூயது, அதில் ஐயமில்லை. நட்டவை என்னவாயின? ருஹுணுப் பல்கலைக்கழகத்தாரும் பெல்ஜிய நாட்டறிஞரும் சேர்ந்து, 2012 முதல் 2014 வரை 23 நடுகைத் தலங்களுக்கும் சென்று எண்ணிப் பார்த்து, 2017இல் அச்சஞ்சிகையிலேயே விடை எழுதினர். மீட்பதற்கென எடுத்த நிலம் 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை. வெற்றியாக அமைந்தது 200 முதல் 220 ஹெக்டேயர் வரை மாத்திரமே. ஒன்பது தலங்களில் ஒரு செடியேனும் உயிரோடில்லை. நட்டதிற் பாதிக்கு மேல் தப்பியிருந்தது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு என்னும் மூன்றிடங்களிலே.

பட்டமைக்குக் காரணமும் அக்கட்டுரையில் உண்டு. நிலத்தின் உயர்வுதாழ்வு நோக்காது நட்டது ஒன்று. நட்டபின் பேணாமை மற்றொன்று. மாடு மிதித்தது, மேய்ந்தது, பாசி மூடிற்று, பூச்சி அரித்தது. இவையெல்லாம் இடந்தெரியாது நட்டதன் கிளைகள் எனவே கொள்ளத்தகும். நம் கடலிலே வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட உயரம் ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலாற் கண்டலுக்குரிய நிலம் மிகக் குறுகிய ஒரு பட்டை. அதனின்று இரண்டு சாண் தாழ நட்டால் நாற்று மூச்சுமுட்டிச் சாகும். இரண்டு சாண் உயர நட்டால், மழை குன்றிய நம் பகுதிகளில், உவர் ஏறிக் கருகும்.

நெஞ்சை உறுத்துவது யாதெனின், இவை அறியப்படாதன அல்ல என்பதே. புளொரிடாவிற் பல்லாண்டு கண்டற் பணி செய்த றொபின் லூயிஸ் என்பவர், 2005இலேயே, அதாவது நம்மவர் நாற்றுத் தூக்கிய அதே ஆண்டிலேயே, அச்சில் எழுதிவிட்டார். கண்டல் நின்ற நிலம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு நேரமே நீர்மூடி, எஞ்சிய நேரம் வெளிப்பட்டிருக்கும். ஆதலின் நீரோட்டத்தைச் செம்மைசெய்து வாயிலைத் திறந்துவிட்டால், அயலிற் கண்டல் இருக்குமிடத்து, வித்து மிதந்துவந்து தானே வேரூன்றும். நடுகை பெரும்பாலும் வேண்டியதேயில்லை என்பது அவர் கூற்றின் சாரம். தன்வினை என்று நாம் முதலிற் சொன்னது இதனையே. 2008இல் பிலிப்பைன் நாட்டு அறிஞர் பிரிமவேறாவும் அவரோடு எழுதியவரும், தம் நாட்டில் இருபதாண்டாகப் பெரும்பொருள் செலவிட்டு நட்ட கண்டல்களுள் நூற்றுக்குப் பத்து முதல் இருபதே நிலைத்தன என்று காட்டினர். நீண்டு தொங்கும் வித்தைக் கையாற் குத்தி நடுவது எளிதென்பதற்காக, திறந்த கடலோர மணலில் அவ்வினத்தையே நட்டனர். இயற்கையில் அவ்விடத்து முதலில் வேரூன்றும் வெண்கண்டல் முதலியவற்றை விட்டனர். நெய்தற் பாடல்களிற் கண்டலும் தாழையும் ஞாழலும் புன்னையும் படித்த மாணவனுக்கு, ஒவ்வொன்றுக்கும் உரிய இடம் உண்டென்பது புதிதன்று.

தோல்வியொன்றையே சொல்லி விடுதல் முறையன்று. சிங்கராஜ வனத்தின் அயலிலே, காடழிந்த நிலத்தில் நடப்பட்டிருந்த கரிபியன் பைன் தோட்டங்களைப் பேராதனை அறிஞரும் அமெரிக்க அறிஞரும் கூடி ஆராய்ந்தனர். பைனை முற்றாக வெட்டியெறியாது, வரிசை வரிசையாக நீக்கி ஒளிபுகச் செய்து, அதன் நிழலில் ஹொர, நா முதலிய மழைக்காட்டு மரங்களை வளர்த்தனர். செவிலித்தாய் போற் பைன் நின்று, காட்டு மரம் தழைத்தது. 1997இல் இது பிரித்தானியச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. ஓரினத்தைக் குத்திவிட்டுப் போதலுக்கும், ஒளியும் நிழலும் பார்த்து ஆண்டுக்கணக்கில் உடனிருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இப்பணியிற் காணலாம்.

ஆயின் இவையெல்லாம் ஆங்கிலத்தில். கண்டல் நடும் மீனவனும், மரநடுகை நாளிற் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் ஆசிரியனும், பிரதேச சபை அலுவலனும் வாசிக்கும் மொழியில் அல்ல. பல்கலைக்கழகத்தின் வாயிலாகவன்றி அச்சஞ்சிகைகளைப் பெற விழைவோர், பெரும்பாலும் ஒரு கட்டுரைக்கே பல டொலர் கொடுக்க நேரும். நம் கரையில் மாண்ட நாற்றின் கணக்கு நம் கரையார்க்குப் பூட்டிய பெட்டியுள் இருக்கின்றது.

உலகெங்கும் இவ்வாறே என்று எண்ணிவிடலாகாது. தற்சுயா அமானோவும் உடனாராய்ந்தோரும் 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, உயிரினப் பன்மையைப் பேணல் குறித்து 2014இல் வெளிவந்தனவாக அவர் தேடிக்கண்ட 75,513 எழுத்துக்களுள், நூற்றுக்கு 35.6 பங்கு ஆங்கிலமல்லாத மொழிகளில் உள்ளவை. ஸ்பானியரும் போர்த்துக்கேய மொழியாரும் சீனரும் தத்தம் மொழியில் எழுதுகின்றனர். 2021இல் அவர் பதினாறு மொழிகளிற் செய்த மற்றோர் ஆய்வு, ஆங்கிலத்தில் இல்லாத சான்றுகள் பிறமொழிகளில் உள்ளன என்று எண்ணிக் காட்டிற்று. ஆங்கிலம் அறியாதவன் மாத்திரமன்றி, ஆங்கிலம் ஒன்றையே அறிந்தவனும் இழக்கின்றான் என்பது அவ்வாய்வாற் பெறப்படுகின்றது.

தமிழால் இது இயலுமோ என்பார்க்கு யாழ்ப்பாணத்தார் விடை தேடி அலைய வேண்டியதில்லை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய நூல்களைத் தமிழில் அச்சேற்றினார். நரம்பையும் எலும்பையும் அன்று தமிழிற் சொல்ல முடிந்ததாயின், சேற்றையும் உவரையும் இன்று சொல்ல முடியாதென்பது சோம்பலின் வாதம். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் தமிழாசிரியர் ஒருவரும் ஒரு தவணை விடுமுறையிற் கூடியிருந்தால், 2017ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரத்தை அட்டவணைகளோடு சிறு பிரசுரமாக்கிவிடலாம். எழுத்தும் எண்ணும் அறிந்த மாணவர் தம் பாடசாலை நட்டவற்றுள் எத்தனை நின்றன, எத்தனை பட்டன, எவ்விடத்தில் என்று ஆண்டுக்கொருமுறை எண்ணி எழுதலாம். ஜோர்டனின் பழைய சஞ்சிகை வேண்டியது அவ்வளவே.

கலைச்சொற்கும் பெரிதாக இடர்ப்பட வேண்டியதில்லை. 'இன்ரர்ரைடல்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வடமொழியிலிருந்து ஒரு நெடுந்தொடர் ஆக்கியோர் உளர். நம் கடற்றொழிலாளர் வாயில் வற்று, பெருக்கு என்னும் சொற்கள் என்றும் உள்ளன. பாடநூலாரும் வற்றுப்பெருக்கு என்றே எழுதுவர். வற்றுக்கும் பெருக்குக்கும் இடைப்பட்ட நிலத்தில், பெருக்கு வந்து தொட்டு விரைவில் வடிந்துபோகும் மேற்பாகமே கண்டலுக்கு உரியது என்று எழுதிவிட்டால், கரையூரில் எவர்க்கும் அகராதி வேண்டியிராது.