கடல் நடுவே நல்லதொரு கோப்பி

இக்காலத்து உல்லாசப் பிரயாணக் கப்பலில் இல்லாத வசதி இல்லை. நீச்சற் குளம் உண்டு. நாடக அரங்கு உண்டு. கடைத்தெருவும் பூஞ்சோலையுங்கூட உண்டு. ஆயினும், அதிகாலையில் எழுந்து நல்லதொரு கோப்பியைத் தேடிச் செல்பவர் முதல் மிடற்றிலேயே முகஞ் சுளிப்பதை அங்கு நாள்தோறும் காணலாம். பெரும் பணஞ் செலவிட்டுச் செல்லும் பிரயாணி, ஊர்ச் சந்தியிற் சொற்ப விலைக்குக் கிடைக்கும் சுவை இங்கே கிடைக்கவில்லையே எனக் குறைப்படுகிறார். இக்குறைக்குக் காரணம் யாது? கப்பற் கம்பனியாரின் உலோபமா? சமையலாளரின் கைக்குறையா? அல்லது கடலுக்கே உரியதொரு குணமா?

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் பிள்ளைகள் தம் பெற்றோரை இத்தகைய கப்பல்களில் அழைத்துச் செல்வது இப்பொழுது அரிதன்று. ஆதலின் இவ்விடயம் எமது குடும்பங்களுக்கு முற்றிலும் அந்நியமானதாகாது. மாணவர்களுக்கோ, ஒரு சிறு கோப்பையினுள்ளே இரசாயனமும் பௌதிகமும் பொருளியலும் ஒருங்கே அடங்கியிருப்பதைக் காண இஃதொரு வாய்ப்பாகும்.

கோப்பியும் கப்பலும்

கோப்பிக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, கபிரியேல் த கிளியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிஸ் அரச தோட்டத்துக் கோப்பிக் கன்றொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான மார்த்தினிக்குக்குக் கொண்டு சென்றார். வழியிற் குடிநீர் அருகியபோது, தமக்குக் கிடைத்த சிறு பங்கையும் கன்றுடன் பகிர்ந்துகொண்டதாக அவர் பிற்காலத்தில் எழுதிய கடிதமொன்றிற் கூறுகின்றார்.

ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் செயலாளராயிருந்த யோசேபஸ் டானியல்ஸ், 1914ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதியிலிருந்து போர்க்கப்பல்களில் மதுபானத்தைத் தடைசெய்தார். அதன் பின்னர் அக்கப்பல்களில் மாலுமிகளுக்குக் கிடைத்த பானங்களுள் வீறுமிக்கது கோப்பியே ஆயிற்று. இரவுக் காவலில் நிற்பவனுக்குக் கோப்பி ஓர் ஆடம்பரமன்று. கண்ணயராது காக்கும் துணை அது.

நீரின் கதை

வடித்த கோப்பியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. எனவே கொட்டையின் குணத்தை ஆராயுமுன் நீரின் குணத்தை ஆராய்தல் வேண்டும்.

கப்பல் தனக்கு வேண்டிய குடிநீரின் ஒரு பகுதியைத் துறைமுகத்திற் பெற்றுக்கொள்ளும். பெரும் பகுதியைக் கடல்நீரிலிருந்து தானே ஆக்கிக்கொள்ளும். இதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, கடல்நீரை ஆவியாக்கிக் குளிர்வித்தல். அமுக்கம் குறையின் கொதிநிலையும் குறையும் என்பதை மாணவர் அறிவர். அவ்விதியைக் கொண்டே, அமுக்கங் குறைந்த கலன்களில் எஞ்சினின் கழிவு வெப்பத்தினாற் கடல்நீரைக் கொதிக்கச் செய்கின்றனர். மற்றையது, பேரமுக்கத்தினாற் கடல்நீரை நுண்ணிய மென்சவ்வினூடாகத் தள்ளி உப்பைப் பிரித்தல்.

இரண்டு வழியாலும் பெறும் நீரிற் கனியுப்புக்கள் மிகக் குறைவு. அத்தகைய நீர் குழாய்களை அரிக்கக் கூடியது. ஆதலின் சிறிதளவு கனியுப்பை மீண்டும் அதிற் சேர்க்கின்றனர். கோப்பிக்கும் அஃது இன்றியமையாதது. 2014ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்திலிருந்து கிறிஸ்தோபர் ஹென்டன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, நீரிலுள்ள மக்னீசியம், கல்சியம் போன்றவை கோப்பித் தூளின் சுவைப்பொருள்களைப் பற்றி வெளியே இழுக்கவல்லன என்று காட்டியது. கோப்பி வல்லுநரின் அமைப்பாகிய சிறப்புக் கோப்பிச் சங்கம், ஒரு லீற்றர் நீரிற் கரைந்துள்ள பொருள்கள் ஏறக்குறைய 150 மில்லிகிராமாக இருத்தல் நன்று என விதந்துரைக்கிறது. மிகத் தூய நீரில் வடித்த கோப்பி சப்பென்றிருப்பதும், உப்பு மிகுந்த நீரில் வடித்தது மந்தமாயிருப்பதும் இதனாலேயே.

இனிக் குளோரினைப் பார்ப்போம். நல்ல கோப்பிக்குரிய நீரிற் குளோரின் அறவே இருத்தலாகாது என்பது அச்சங்கத்தின் விதி. ஐக்கிய அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் கப்பற் சுகாதாரத் திட்டமோ, கப்பலின் குடிநீர்க் குழாய்களிற் செல்லும் ஒவ்வொரு லீற்றர் நீரிலும் 0.2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 5 மில்லிகிராமுக்கு மேற்படாமலும் குளோரின் போன்ற கிருமிநாசினி எஞ்சியிருத்தல் வேண்டும் என்கிறது. நாவின் சட்டம் ஒன்று சொல்ல, உயிரின் சட்டம் மற்றொன்று சொல்லுகிறது.

எதற்குப் பணிவது? ஐயமின்றி உயிரின் சட்டத்துக்கே. கப்பல் ஒரு மூடிய ஊர். அங்கே ஒரே நீரை ஆயிரக்கணக்கானோர் குடிக்கின்றனர். அவர்களுள் முதியோர் பலர். பெரிய வைத்தியசாலையோ பல நாழிகை தூரத்துக் கரையிலுள்ளது. கப்பல்களில் வயிற்று நோய்கள் பரவியதன் விளைவாகவே 1970களில் அச்சுகாதாரத் திட்டம் தோன்றியது. இன்று அதன் பரிசோதகர்கள் முன்னறிவித்தலின்றிக் கப்பலில் ஏறி நூறு புள்ளிகளுக்கு மதிப்பிடுவர். 85 புள்ளியோ அதற்குக் குறைவோ பெற்ற கப்பல் தேறவில்லையென்பது கணக்கு. கோப்பியில் வீசும் மெல்லிய குளோரின் வாடை கப்பலின் காவற்காரன் விழித்திருக்கிறான் என்பதற்கு அடையாளம்.

எனினும் இரண்டு சட்டங்களுக்கும் இடையே சமாதானம் செய்ய வழியுண்டு. நீர் கோப்பி இயந்திரத்துட் புகும் இடத்திற் கரித்தூள் நிரப்பிய வடிகட்டியொன்றைப் பொருத்தினாற் குளோரின் அங்கே நின்றுவிடும். குழாய் முழுவதும் காவல் இருக்கும். கோப்பையில் மட்டும் வாடை இராது. வடிகட்டியைக் காலந்தவறாது மாற்றும் இயந்திரத்துக்கும் மாற்றாத இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாக்கே சொல்லிவிடும்.

வெப்பத்திற் குறையில்லை

கோப்பியை வடிப்பதற்கேற்ற நீரின் வெப்பநிலை 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை என்பர். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஆகாய விமானத்தினுள்ளும் அமுக்கம் குறைவாதலின் நிலைமை அதுவே. கப்பலோ கடல்மட்டத்திற் செல்வது. அங்கு நீர் நூறு பாகையிற் கொதிக்கும். ஆகவே வெப்பத்தைப் பொறுத்தவரை கப்பற் கோப்பிக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆயிரமாயிரம் கோப்பைகள்

நீருக்கு அடுத்த தடை எண்ணிக்கை. 2024ஆம் ஆண்டு தை மாதம் மியாமித் துறையிலிருந்து முதற் பிரயாணத்தைத் தொடங்கிய 'ஐக்கொன் ஒவ் த சீஸ்' என்னுங் கப்பல் 7,600 பிரயாணிகள் வரை ஏற்றவல்லது. பணியாளர் 2,350 பேர். இத்தகைய கப்பலிற் காலை வேளையில் ஐயாயிரம் பேர் ஆளுக்கொரு கோப்பை கோப்பி அருந்துவதாகக் கொள்வோம். கோப்பையொன்று 200 மில்லிலீற்றராயின் மொத்தம் 1,000 லீற்றர். லீற்றருக்கு 55 கிராம் தூள் என்னும் நல்ல அளவின்படி 55 கிலோகிராம் தூள் வேண்டும். தூள் தன் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு நீரை உறிஞ்சும். எனவே அள்ளி அகற்றவேண்டிய ஈரச் சக்கை 165 கிலோகிராம் வரை வரும். இத்தனையும் இரண்டொரு மணி நேரத்துள் நிகழ்தல் வேண்டும்.

இதனாலேயே தாமே எடுத்துண்ணும் உணவுக்கூடங்களிற் பல கப்பல்கள் குறுக்குவழியை நாடுகின்றன. முன்னரே வடித்துச் செறிவாக்கிய கோப்பிச் சாற்றை இயந்திரத்துள் வைத்து, பொத்தானை அழுத்தியதும் சுடுநீருடன் கலந்து வரச் செய்கின்றனர். சக்கையும் இல்லை, காத்திருத்தலும் இல்லை, வாசனையும் பெரும்பாலும் இல்லை. வேறு சில கப்பல்கள் உண்மையாகவே வடிக்கின்றன. ஆனால் வடித்ததைப் பெரிய கலன்களில் நெடுநேரம் சூடாக வைத்திருக்கின்றன. அவ்வாறு வைத்திருக்குந்தோறும் கோப்பியிலுள்ள அமிலங்கள் சிதைந்து புளிப்பும் கசப்பும் ஏறும். அரை மணி நேரத்துக்குள் அருந்துவதே நன்று.

பாலின் நிலையும் இத்தகையதே. நீண்ட நாள் கெடாதிருக்கும்படி 135 பாகைக்கு மேற் சூடாக்கிப் பொதிசெய்த பாலையே பல கப்பல்கள் எடுத்துச் செல்கின்றன. அதிலொரு காய்ச்சிய வாடை உண்டு. கறந்த பாலிற் பழகிய நாவுக்கு அதுவும் ஒரு குறையாகத் தோன்றும்.

பிரயாணி செய்யத்தக்கது

நல்ல கோப்பி கப்பலில் இல்லாமலில்லை. அஃது இருக்குமிடம் வேறு. பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றிற் கொட்டையை அவ்வப்போது அரைத்து, ஒவ்வொரு கோப்பையாக வடித்துக் கொடுக்கும் தனிக்கடைகள் உள. 2010ஆம் ஆண்டு 'அலூர் ஒவ் த சீஸ்' கப்பலிற் கடலிலே முதன்முதலாக ஸ்ரார்பக்ஸ் கடையொன்று திறக்கப்பட்டமை பலரும் அறிந்தது. இக்கடைகளிற் கிடைக்கும் எஸ்பிரெசோ, வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஒன்பது மடங்கு அமுக்கத்தில் இருபத்தைந்து அல்லது முப்பது விநாடிகளில் வடிக்கப்படுவது. ஒருவருக்காக ஒருவர் நின்று செய்வது.

ஆனால் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பல கப்பல்களில் அதன்மேற் சேவைக் கட்டணமாக நூற்றுக்குப் பதினெட்டு முதல் இருபது வரை சேர்ப்பர். எல்லாப் பானங்களுக்குமாக முன்பணம் வாங்கும் திட்டங்களும் உள. நாளொன்றுக்குத் தாம் உண்மையில் எத்தனை கோப்பை அருந்துவோம் என்பதைக் குடும்பத்தார் முன்னரே எண்ணிப் பார்த்த பின்னரே அவற்றிற் சேர்தல் வேண்டும்.

வீட்டு மின்சாரக் கேத்தலைப் பெட்டியில் வைத்துக்கொண்டு செல்லலாம் என எண்ணுதல் தவறு. கடலில் நெருப்பைப் போற் கொடிய பகை இல்லை. 1934இல் 'மொறோ காசில்' என்னுங் கப்பல் எரிந்து 137 பேர் மாண்டனர். ஆகவே கேத்தல், நீர் சூடாக்கும் சுருள் முதலியவற்றைப் பெரும்பாலான கம்பனிகள் தடைசெய்துள்ளன. பெட்டிகளைச் சோதிக்கும்போது அவற்றை எடுத்து வைத்துக்கொள்வர். பிரித்தானியப் பிரயாணிகளை நோக்கிய கப்பல்கள் சிலவற்றில் அறையிலேயே கேத்தல் வைக்கப்பட்டிருக்கும், அது வேறு.

நெருப்பும் மின்சாரமும் வேண்டாத கருவிகள் உள. காகித வடிகட்டி பொருத்திய சிறு புனல் ஒன்று. அலன் அட்லர் என்னும் அமெரிக்கர் 2005இல் வெளியிட்ட, கையால் அழுத்தி வடிக்கும் குழாய் மற்றொன்று. கப்பல் விதிகளை வாசித்து உறுதிசெய்துகொண்டு, இவற்றுள் ஒன்றையும் வீட்டுத் தூளையும் எடுத்துச் சென்றாற் போதும். உணவுக்கூடத்திற் சுடுநீர் கிடைக்கும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த யாழ்ப்பாணத்துக் கோப்பித் தூளுக்குப் பழகிய முதியோர்க்கு உலகின் எந்தக் கடையும் ஈடு செய்யாது. அவர்க்கு இதுவே வழி.

இவை யாவும் வேண்டாம் என்பார்க்கு எளிய உபாயம் ஒன்றுண்டு: உணவுக்கூடம் திறந்தவுடன் செல்லுதல், கலன் நிரப்பப்பட்ட நேரத்தை விசாரித்தல்.

கோப்பைக்குப் பின்னுள்ள கை

நாம் பிரயாணஞ் செய்த கப்பலொன்றில், விடியுமுன் மேற்றளத்து உணவுக்கூடத்திற் பணி செய்துகொண்டிருந்த இந்தோனேசிய இளைஞரிடம் புதுக்கோப்பி எப்பொழுது கிடைக்கும் என வினவினோம். அவர் சலிக்காது, இக்கலன் இரவு நிரப்பியது, ஆறு மணிக்கு வருக, அதுவரை பொறுக்கவியலாதாயின் கீழ்த்தளத்துக் கடைக்குச் செல்க என வழிகாட்டினார். நீர் அருந்தினீரா எனக் கேட்டபொழுது, பணி முடிந்த பின்பே என்று நகைத்தார்.

2013இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் உடன்படிக்கை, கப்பற் பணியாளர்க்கு இருபத்துநான்கு மணி நேரத்திற் பத்து மணி நேரமாவது ஓய்வளிக்க வேண்டும் என்கிறது. ஏழு நாளில் அவ்வோய்வு 77 மணி நேரத்திற் குறையலாகாது. சட்டம் காக்கும் எல்லையே இதுவாயின், அவர்தம் உழைப்பின் அளவை நாமே உணர்ந்துகொள்ளலாம். மாதக் கணக்கில் வீடு செல்லாது கப்பலிலேயே வாழ்பவர் அவர். செறிவுச் சாற்றை வாங்குவதென முடிவு செய்தவர் அவரல்லர். நீரிற் குளோரினைக் கலந்தவரும் அவரல்லர். எனினும் பிரயாணியின் சினத்தை முதலில் ஏற்பவர் அவரே.

ஆதலின், கப்பற் கோப்பியில் அந்த வாடை வீசுமாயின், குறை கூறுமுன் அஃது எந்நோயைத் தடுத்து நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பின்னர், அப்பொழுதே அரைத்து வடிக்கும் இடம் எங்கேயுள்ளது என்று அருகில் நிற்கும் சிப்பந்தியிடம் இன்சொல்லாற் கேட்டல் வேண்டும். கப்பலின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர் அவரே.