நாட்டின் சொத்தைப் பிரித்த அதிகாரி

வீட்டில் பாகப்பிரிவினை என்றால் என்ன பாடு என்று நமக்குத் தெரியும். நிலம், மாடு தொடங்கி அண்டா குண்டா வரை கணக்குப் பார்ப்பார்கள். ஒரு நாட்டையே பிரித்தால்?

1947-ல் அப்படித்தான் நடந்தது. இந்தியா, பாகிஸ்தான் என்று இரண்டு நாடுகள் வரப் போகின்றன. ஜூன் 3-ஆம் தேதி இதை அறிவித்தார்கள். ஆகஸ்ட் 15-க்குள் பிரித்தாக வேண்டும். இரண்டரை மாதம்கூட இல்லை. இந்தப் பெரிய வேலையை முன்னின்று நடத்த இரண்டு அதிகாரிகளை நியமித்தார்கள். ஒருவர் ஹெச்.எம். படேல். இவர் குஜராத்திக்காரர். ஐ.சி.எஸ். அதிகாரி. (சர்தார் படேல் வேறு, இவர் வேறு.) மற்றவர் சௌத்ரி முகமது அலி. இருவரும் தில்லியில் ஒரே அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்கள்.

மேசை, நாற்காலி, தட்டெழுத்து இயந்திரம் எல்லாவற்றையும் எண்ணினார்கள். இந்தியாவுக்கு 80, பாகிஸ்தானுக்கு 20 என்று பங்கு போட்டார்கள். ராணுவத்தைப் பிரிக்கத் தனிக் குழு இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு படை இந்தியாவுக்கு என்று முடிவானது. ஒரே முகாமில் சேர்ந்து உண்டு உறங்கிய சிப்பாய்கள், ஆளுக்கு ஒரு நாடு என்று பிரிந்தார்கள்.

துப்பாக்கி, வெடிமருந்து செய்யும் 16 தொழிற்சாலைகள் இருந்தன. எல்லாமே இந்தியப் பக்கம் இருந்தன. தொழிற்சாலையைப் பாதியாக வெட்டிக் கொடுக்க முடியுமா? அதற்குப் பதிலாக பாகிஸ்தானுக்கு 6 கோடி ரூபாய் தருவது என்று பேசி முடித்தார்கள்.

கையிருப்புப் பணத்தில் பாகிஸ்தானின் பங்கு 75 கோடி. அதில் 20 கோடியை முதலிலேயே கொடுத்தாகிவிட்டது. மீதி 55 கோடி. அதற்குள் காஷ்மீரில் சண்டை மூண்டுவிட்டது.

அப்போது படேல் எங்கே இருந்தார் தெரியுமா? அவர் இந்தியாவின் பாதுகாப்புத் துறைச் செயலாளர் ஆகியிருந்தார். செயலாளர் என்றால் மந்திரிக்கு அடுத்த பெரிய அதிகாரி. அவர் சீருடை போடுவதில்லை. படையை நடத்துவது தளபதியின் வேலை. படைக்கு வேண்டிய பணம், துணிமணி, ஆயுதம், ஆணை எல்லாம் செயலாளரின் கோப்பு வழியாகத்தான் போகும். உட்கார்ந்து பங்கு பிரித்த இருவரும் இப்போது எதிரெதிர் நாடுகளின் பெரிய அதிகாரிகள்! சண்டை நடக்கும்போது பணம் கொடுப்பதா என்று இந்திய அரசு 55 கோடியை நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 13-ல் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து, பணத்தைக் கொடுப்பது என்று அரசு முடிவு செய்தது. பேசிய பாகம் பேசியபடி போய்ச் சேர்ந்தது.

1953 வரை படேல் அந்தப் பதவியில் இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1949 ஜனவரி 15-ல், நம் ராணுவத்துக்கு முதல் இந்தியத் தளபதியாக கரியப்பா வந்தார். அதுவரை ஆங்கிலேயர்தான் தளபதி.

பிறகு படேல் நிதித் துறைக்குப் போனார். அங்கே சோதனை வந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் இருந்தது மக்கள் கட்டிய பணம். 1957-ல் அதிலிருந்து ஒரு கோடிக்கு மேல் எடுத்து, முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை வாங்கினார்கள். பெரிய சச்சரவு ஆனது. நீதிபதி சாக்ளா மக்கள் முன்னிலையில் விசாரித்தார். நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். படேலும் அரசு வேலையை விட்டார்.

ஊர்ப் பக்கம் திரும்பினார். வல்லப் வித்யாநகரில் கல்லூரிகள் நடத்தும் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். தேர்தலில் நின்று எம்.பி. ஆனார். 1977-ல் அதே நிதித் துறைக்கு மந்திரியாக வந்தார்! 1978-ல் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள் அல்லவா? அப்போது நிதி மந்திரி இவர்தான்.

கடைசிக் காலம்வரை கல்லூரி வேலையையும், கரம்சத் ஊரில் கிராம மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனை வேலையையும் பார்த்தார். 1993 நவம்பர் 30-ல் காலமானார். வயது 89.