பிரிப்பதற்கு முன் ஒரு மரப்பலகை

கார் இன்ஜினுக்குப் போர் வேலை, அதாவது முழுதாகப் பிரித்துச் சீரமைக்கும் வேலை, வந்துவிட்டது என்றதும் பலருக்கும் லேத் பட்டறைதான் நினைவுக்கு வரும். சிலிண்டரைக் கடைவது, கிராங்க் ஷாஃப்டைத் தேய்ப்பது, வால்வு சீட்டை வெட்டுவது எல்லாம் அங்கேதான் நடந்தாக வேண்டும். ஆனால் அந்த வேலைகள் நேர்த்தியாக முடிந்து வந்த இன்ஜினும் சில மாதங்களிலேயே தட்டத் தொடங்குவதுண்டு, ஆயிலைக் குடிப்பதுண்டு. உடனே பழி கடைசலின் மேல் விழும். உண்மையான காரணம் பல நேரம் பிரித்துப் பூட்டிய மேசையிலேயே கிடக்கும். கழற்றிய உறுப்பு தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்காது. அல்லது பூட்டும்போது வழவழப்பான ஒரு பரப்பில் கீறல் விழுந்திருக்கும். இந்த இரண்டையும் தடுக்க ஒரு மரப்பலகை, தலை வெட்டிய இரண்டு போல்ட், நாலு துண்டு ரப்பர் குழாய், கழித்த பேரிங் ஒன்று போதும். இப்படி நாமே செய்துகொள்ளும் துணைக்கருவிகளை, காசில்லாதவர்களின் சமாளிப்பு என்று ஒதுக்குவது தவறு. உறுப்புகளைப் பிடித்து வைக்க, வரிசை கலையாமல் காக்க, சரியான இடத்துக்கு வழிகாட்ட இவைதான் பொருத்தமான கருவிகள். அளப்பதற்கும் எடையைத் தொங்கவிடுவதற்கும் மட்டும் இவை ஆகாது.

முதலில் வரிசையைப் பார்ப்போம். 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் காரில் பல ஆண்டுகள் ஓடியது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். நான்கு பிஸ்டன், எட்டு வால்வு, எட்டு புஷ் ராடு, எட்டு டேப்பட், மூன்று மெயின் பேரிங் கொண்டது அது. எட்டு டேப்பட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் கேம் ஷாஃப்டில் தனக்குரிய மேட்டின் மேல் ஆண்டுக்கணக்கில் உரசி, அந்த மேட்டுக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். ஓடிய டேப்பட்டை வேறொரு மேட்டின் மேல் வைத்தால் இரண்டின் தேய்மானமும் ஒன்றோடொன்று பொருந்தாது. இரண்டும் சேர்ந்தே சீக்கிரம் கெடும். மெயின் பேரிங் மூடிகளின் கதை இன்னும் கடுமையானது. தொழிற்சாலையில் அந்த மூடிகளை பிளாக்கோடு பூட்டிய பிறகுதான் துளையைக் கடைகிறார்கள். ஆகவே ஒரு மூடி ஒரே ஓர் இடத்துக்கும் ஒரே ஒரு திசைக்கும் மட்டுமே உரியது. இடம் மாறினாலோ முன்பின்னாகத் திரும்பினாலோ துளையின் வட்டம் குலையும். கிராங்க் ஷாஃப்ட் இறுகும், சுழன்றாலும் பேரிங் தின்னும். கனெக்டிங் ராடின் மூடிக்கும் இதே விதிதான்.

இதற்கான கருவி ஒரு பலகைத் துண்டு. ஒரு முனையில் ‘ரேடியேட்டர் பக்கம்’ என்று எழுதி, எட்டு துளைகளை இரண்டு வரிசையாகப் போட்டு, ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்டால் புஷ் ராடுகளுக்கு இடம் தயார். டேப்பட்டுகளுக்கு முட்டை அட்டை போதும், அதிலும் முன்பக்கத்தைக் குறித்துவிட்டால். உறுப்பின் மேலேயே பெயிண்டால் எண் எழுதினால் என்ன என்று கேட்கலாம். மண்ணெண்ணெயில் ஒரு முறை கழுவியதும் அந்த எண் போய்விடும்; பலகையில் இருக்கும் எண் போகாது. டைமிங் கவர், வாட்டர் பம்ப் போன்றவற்றின் போல்ட்டுகளுக்கு ஒரு தடித்த அட்டை. அந்த மூடியின் வடிவத்தை அட்டையில் வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைக்க வேண்டும். ஏனென்றால் ஒரே மூடியில் இரண்டு மூன்று நீளங்களில் போல்ட் இருக்கும். ஆழம் குறைந்த துளையில் நீளமான போல்ட்டைப் போட்டால் அதன் முனை அடியில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியதாகத் தெரியும். மூடியோ அழுந்தியிருக்காது, ஆயில் கசியும். இன்னும் கொஞ்சம் முறுக்கினால் வார்ப்பு விரிசல் விடும்.

அடுத்தது கீறல். கிராங்க் ஷாஃப்டின் ஜர்னல் கண்ணாடிபோலத் தீட்டப்பட்ட பரப்பு. பல இன்ஜின்களில் கனெக்டிங் ராடின் அடியில் இரண்டு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். பிஸ்டனை மேலிருந்து இறக்கும்போது அவற்றின் மரைகள் ஜர்னலில் ஒரு முறை உரசினாலே போதும், தேய்த்து வந்த செலவு வீண். இதைத் தடுக்க அந்தப் போல்ட்டுகளின் மேல் விரல் நீள ரப்பர் குழாயைச் செருகிவிடுகிறார்கள். இது பட்டறை உத்தி மட்டும் இல்லை. சுசுகி நிறுவனத்தின் சர்வீஸ் கையேடுகளே இப்படிக் குழாய் மாட்டச் சொல்கின்றன. சிலிண்டர் ஹெட்டை வைக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மாருதி 800 போல ஹெட்டை போல்ட்டால் இறுக்கும் வண்டிகளில், கேஸ்கெட் நகராமல் கனமான ஹெட்டை நேராக இறக்குவது கடினம். அதற்கு இரண்டு பழைய ஹெட் போல்ட்டுகளை எடுத்துத் தலையை ஹேக்ஸாவால் வெட்ட வேண்டும். வெட்டிய முனையை அரத்தால் கொஞ்சம் கூராக்கி, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்குமளவு ஒரு வெட்டுப் போட வேண்டும். மரையில் ஒட்டிய இரும்புத் தூளை நன்றாகத் துடைத்த பிறகு, எதிரெதிர் மூலைத் துளைகளில் இவற்றைக் கையால் திருகி நிறுத்தி, அவற்றின் வழியே கேஸ்கெட்டையும் ஹெட்டையும் இறக்கினால் இரண்டும் தாமாகவே தம் இடத்தில் அமரும். மற்ற போல்ட்டுகளைப் போட்ட பின் இந்த இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவிடலாம். காசு கொடுத்து வாங்கும் வழிகாட்டிப் போல்ட்டும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆயில் சீலை அடித்து இறக்க, அதே விட்டமுள்ள பழைய பேரிங்கின் வெளிவளையம் நல்ல கருவி. சீலின் இரும்பு விளிம்பில் சுற்றிலும் ஒரே சீராக அழுத்தும். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, கியர்பாக்ஸிலிருந்து கிளட்சுக்குள் நுழையும் அதே ஷாஃப்டில் கழிவு ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடிப் பார்க்கலாம்.

அனுபவமுள்ள கைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே மாதிரி இன்ஜினை நூறு முறை பிரித்தவருக்கு எந்தப் போல்ட் எங்கே என்பது விரலுக்கே தெரியும். ஆனால் போர் வேலை ஒரே நாளில் முடிவதில்லை. பிளாக் லேத்துக்குப் போகும், உதிரிபாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும், நடுவில் வேறு வண்டி வந்து நிற்கும். இரண்டு வாரம் கழித்துப் பூட்ட உட்காரும்போது, எந்த டேப்பட் எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதை எவ்வளவு பழகிய கையாலும் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. நேரம் வீணாகிறது என்பது இன்னொரு மறுப்பு. பலகையில் துளை போட ஒரு மணி நேரம் ஆகலாம். பூட்டிய இன்ஜினை மறுபடி இறக்கிப் பிரிக்க நாட்கள் ஆகும், அந்தக் கூலியை யாரும் தரமாட்டார்கள்.

கைக்கருவிகளின் மேல் உள்ள இந்த நம்பிக்கையை அளவு எடுக்கும் வேலைக்கும் நீட்டினால்தான் இன்ஜின் கெடும். பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி பல கார்களில் ஏறக்குறைய 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர். நாம் எழுதும் சாதாரணக் காகிதத்தின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தளர்ந்த பேரிங்குக்கு அடியில் காகிதமோ தகரமோ வைத்து இறுக்கும் பழக்கம் எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி. இங்கே மைக்ரோமீட்டர் வேண்டும், அல்லது நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளி சொல்லும் பிளாஸ்டிகேஜ் இழை வேண்டும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, கடையில் வாங்கிய சாதாரண இரும்பு ஸ்கேலை நம்பவும் கூடாது. ஸ்கேலே நேராக இருக்கிறது என்பதற்கு என்ன உறுதி?

போல்ட் முறுக்கும் அப்படித்தான். ஸ்பானரில் நாம் கொடுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு வரை உராய்வுக்கே போகிறது. மீதிதான் போல்ட்டை இழுத்து உறுப்புகளை அழுத்துகிறது. மரையில் ஆயில் இருந்தால் ஒரு கணக்கு, காய்ந்து துரு படிந்திருந்தால் வேறு கணக்கு. கைக்கு இரண்டும் ஒரே இறுக்கமாகவே தெரியும். பழைய வார்ப்பிரும்பு ஹெட் இந்தப் பிழையை ஓரளவு பொறுத்துக்கொண்டது. அலுமினிய ஹெட் பொறுக்காது, வளையும். ஸ்பானரில் ஐம்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரு தராசுக் கொக்கியை மாட்டி, செங்கோணத்தில் பத்து கிலோ காட்டும்வரை இழுத்தால் ஐந்து கிலோகிராம்-மீட்டர் முறுக்கு வரும் என்பது சரியான கணக்குதான். ஆனால் ஒரு ஹெட்டின் எல்லாப் போல்ட்டுகளையும், மூன்று சுற்றாக, கோணம் பிசகாமல் இப்படி இழுப்பது நடக்கிற காரியம் இல்லை. டார்க் ரெஞ்சை வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள்.

எடை தூக்குவதில் எந்தச் சமரசமும் கூடாது. மரக்கிளையில் செயின் பிளாக்கை மாட்டி இன்ஜினை இறக்குவதும், வண்டிக்கு அடியில் செங்கல்லையோ சிமென்ட் கல்லையோ முட்டுக்கொடுப்பதும் இன்றும் நடக்கின்றன. கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும். இன்ஜினை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கும் சங்கிலியிலும் ஒரு கணக்கு உண்டு. சங்கிலி தரைமட்டத்துக்கு 30 பாகை அளவில் படுத்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் பாதி எடையைத் தாங்குவதில்லை. இன்ஜினின் முழு எடையையும் தாங்குகிறது. பாதி எடைதான் விழும் என்று நினைத்து மாட்டிய போல்ட் அறுந்தால் கீழே நிற்பவர் தப்ப முடியாது.

புதிய இன்ஜின்களில் கைக்கருவிக்கு இடம் குறைகிறது என்பதும் உண்மை. இரட்டைக் கேம் ஷாஃப்டுகளை அசையாமல் பூட்டும் தகடு அந்த மாடலுக்கென்று துல்லியமாக வெட்டப்பட்டது. இரும்புப் பட்டையை வெட்டி அதைப் போலச் செய்தால் டைமிங் விலகும், வால்வு பிஸ்டனில் மோதும். அங்கே நிறுவனத்தின் கருவியைத்தான் தேட வேண்டும். ஆனால் அந்த இன்ஜினிலும் போல்ட்டுகள் பல நீளங்களில் இருக்கும், மெயின் பேரிங் மூடிகளுக்கு இடமும் திசையும் இருக்கும். எனவே எந்த வண்டியானாலும், முதல் நட்டைத் தளர்த்துவதற்கு முன் பலகையையும் அட்டையையும் தயார் செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.