சொல்லில்லாமல் விற்ற பாட்டு

கடையில் நாள் முழுதும் பாட்டுக் கேட்கும் நமக்கு ஒன்று தெரியும். பழகிய பாட்டின் மெட்டை வாத்தியத்தில் மட்டும் வாசித்தாலும், சொற்கள் தாமாக வாயில் வந்துவிடும். அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் இதை வைத்தே பெரிய வியாபாரம் பார்த்திருக்கிறார்கள்.

1965-இல் டோபி கிரே பாடிய 'தி இன் கிரவுட்' அங்கே நன்றாக ஓடியது. 'பில்போர்டு' பட்டியலில் 13-ஆம் இடம் வரை வந்தது. அதே ஆண்டு மே மாதம், சிகாகோவின் பியானோ கலைஞர் ராம்சே லூயிஸ், பாஸ் வாசிக்கும் எல்டீ யங், டிரம்ஸ் வாசிக்கும் ரெட் ஹோல்ட் ஆகிய மூவரும் வாஷிங்டனில் 'பொஹீமியன் கேவர்ன்ஸ்' விடுதிக்குக் கச்சேரி செய்ய வந்தனர். கலகலப்பான உருப்படி ஒன்று குறைந்தது. காப்பிக் கடையில் உட்கார்ந்து யோசித்தபோது, பரிமாறிய பெண் இந்தப் பாட்டைச் சொல்லி, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் போட்டும் காட்டினாராம். லூயிஸ் பின்னாளில் சொன்ன விவரம் இது. வாடிக்கையாளரின் ரசனை பரிமாறுபவருக்குத்தானே தெரியும்!

அன்று விடுதியில் கூட்டம் போட்ட கைத்தாளமும் கூச்சலும் இசையோடு சேர்ந்தே பதிவாயின. அந்த இசைத்தட்டு 5-ஆம் இடத்தைப் பிடித்தது. கிராமி விருதும் பெற்றது. பாடிய தட்டை விடப் பாடாத தட்டு மேலே போய்விட்டது.

இனி நாம் கவனிக்க வேண்டியது கணக்கு. அன்று நடப்பில் இருந்த அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருமுறை பதிவான பாட்டை வேறு எவரும் பதிவு செய்ய முடிந்தது. தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் உரிமையாளருக்குத் தர வேண்டியிருந்தது. சொற்களைப் பாடாவிட்டாலும் பணம் உண்டு. ஆகவே பாட்டை எழுதிய பில்லி பேஜ் தரப்புக்குப் பங்கு போனது. முதலில் பாடி ஊரறியச் செய்த டோபி கிரேக்கு, லூயிஸ் தட்டின் விற்பனையில் சட்டப்படி எந்தப் பங்கும் இல்லை. சரக்கைச் செய்தவருக்கு லாபம், அதற்குப் பேர் வாங்கித் தந்த கடைக்காரருக்கு வெறுங்கை என்பது போலத்தான். இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

1966-இல் கூட்டு பிரிந்தது. யங்கும் ஹோல்டும் தனிக்கடை போட்டார்கள். 1968-இல் அவர்கள் பெயரில் வந்த 'சோல்ஃபுல் ஸ்ட்ரட்' 3-ஆம் இடம் வரை சென்றது. பார்பரா அக்லினுக்காகப் பதிவு செய்த பாட்டிலிருந்து அவர் குரலை நீக்கி, அந்த இடத்தில் பியானோவை வைத்த தட்டு அது. பிறகு அதே பாட்டு அக்லினின் குரலோடு வந்தது; 79-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது.