நிலவேம்பில் மருந்துச் சத்து: அளப்பது எப்படி?

தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டு முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. நிலவேம்புக் குடிநீரின் பெயர் இப்பகுதியில் அனைவரும் அறிந்ததே. ஒன்பது சரக்குகள் சேரும் அக்குடிநீரில் முதன்மையானது நிலவேம்பு. இதைப் பயிரிட எண்ணும் சிறு விவசாயிகள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். மூலிகைக்கு எடை மட்டும் போதாது, சத்தும் வேண்டும்.

சத்து எங்கே உள்ளது?

நிலவேம்பின் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்னும் பொருள். இது இலையில் மிகுதி, தண்டில் குறைவு. கசப்பை நாக்கு அறியும். அளவை ஆய்வுக்கூடமே அறியும்.

அளக்கும் முறை

காய்ந்த சரக்கைத் தூளாக்கி, நிறுத்து, மெதனாலில் சத்தை இறக்குவார்கள். வடித்த சாற்றை எச்.பி.எல்.சி. என்னும் கருவியில் செலுத்தினால் அதிலுள்ள பொருள்கள் தனித்தனியே பிரியும். தூய ஆண்ட்ரோகிராஃபோலைடுடன் ஒப்பிட்டுச் சதவீதம் கணக்கிடப்படும்.

ஒரு கணக்கு

இலையில் 2 சதவீதமும் தண்டில் 0.2 சதவீதமும் சத்து இருப்பதாகக் கொள்வோம். 100 கிலோ சரக்கில் இலை 60, தண்டு 40 கிலோ என்றால் மொத்தச் சத்து 1.28 கிலோ. அதே 100 கிலோவில் இலை 30, தண்டு 70 கிலோ என்றால் 0.74 கிலோதான். வாங்குபவர் 1 சதவீதம் கேட்டால் முதல் சரக்கு தேறும். இரண்டாவது திரும்பி வரும். வண்டிக் கூலியும் விவசாயி தலையில் விழும்.

கவனிக்க வேண்டியவை

* நட்ட 90 முதல் 120 நாட்களில், பூக்கத் தொடங்கும் சமயத்தில் அறுவடை செய்க. முற்றவிட்டால் இலை உதிர்ந்து தண்டே மிஞ்சும்.
* ஆனி மாதத்தில் நட்டால் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் முன் அறுத்து உலர்த்தலாம். ஈரச் சரக்கில் பூஞ்சணம் பிடிக்கும்.
* நிழலில், காற்றோட்டமாக உலர்த்துக. உதிரும் இலைகளைத் தார்ப்பாயில் சேகரித்துச் சரக்குடன் சேர்க்கவும்.
* மாதிரி எடுக்கும்போது ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கைப்பிடி எடுத்துக் கலக்கவும். பாதியை ஆய்வுக்கு அனுப்பி, மீதியைத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தவும். பின்னால் தகராறு வந்தால் அதுவே சாட்சி.

முழுச் செடிக்கு விலையா, இலைக்கு மட்டுமா, ஆய்வுக் கட்டணம் யாருடையது என்பதை நாற்று விடும் முன்பே வாங்குபவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.